பெயர் கிளாட் பட்லர், செய்தது யார்?

கேள்வி: பீட்டர்மாரிட்ஸ்பர்க்கில் ஒருவர் பழைய கிளாட் பட்லர் பந்தய சைக்கிளை 9,000 ராண்டுக்கு விற்கிறார். 1949 மாடல், ரெனால்ட்ஸ் 531 (பந்தய ஃப்ரேம்களுக்கான இலேசான எஃகுக் குழாய்), எல்லாமே ஒரிஜினல் என்கிறார். ரசீதில் 'ஃபுட்ஸ்டூட்ஸ்' (உள்ளது உள்ளபடி, பின்னால் குறை சொல்லக் கூடாது) என்று எழுதித்தான் தருவாராம். இளமையில் பந்தயம் ஓட்டிய என் மாமனாருக்காகக் கேட்கிறேன். வாங்கலாமா?
– ஒரு மருமகள், சாட்ஸ்வர்த்

பதில்: ஸ்டிக்கரை மறந்துவிட்டு ஃப்ரேமைப் பாருங்கள். கிளாட் பட்லர் 1928-இல் லண்டனில் தொடங்கிய தொழில் 1956-இல் நொடித்துப்போனது. பெயரை ஹோல்ட்ஸ்வொர்த் நிறுவனம் வாங்கியது. பின்னர் அது ஃபால்கன் கைக்கு மாறியது. அதனால் அதே பெயரில் 1970-களின் சைக்கிளும் உண்டு, 1990-களின் சைக்கிளும் உண்டு. ஓட்டுவதற்கு அவை மோசமில்லை. ஆனால் 1949-க்கு உரிய விலையை அவற்றுக்குக் கொடுப்பது வீண்.

குழாய்கள் சேரும் மூலைகளில் லக் (இணைப்பு உறை) வைக்காமல், பித்தளையை உருக்கி வழவழவென்று பற்றவைத்த ஃப்ரேம்களுக்குப் பெயர் போனது பட்லர் பட்டறை. லக் வைத்தும் செய்தார்கள். ஆகவே லக் இருக்கிறதே என்று உடனே போலி முத்திரை குத்திவிட வேண்டாம். ஃப்ரேமில் அடித்திருக்கும் எண்ணைப் படம் எடுத்துக்கொள்ளுங்கள். பின்சக்கரத்தின் நடுவே ஸ்டர்மி ஆர்ச்சர் நிறுவனத்தின் கியர் ஹப் (உள்ளேயே கியர் உள்ள குடம்) இருந்தால் அழுக்கைத் துடைத்துப் பாருங்கள், செய்த மாதமும் ஆண்டும் பொறித்திருக்கும். அங்கே 62 என்று இருந்தால் 'எல்லாமே ஒரிஜினல்' என்ற பேச்சு அத்துடன் முடிந்தது.

531 ஸ்டிக்கரை யார் வேண்டுமானாலும் ஒட்டலாம். சீட் கம்பியை உருவி அதன் விட்டத்தைப் பாருங்கள். 27.2 மி.மீ. அல்லது அதையொட்டி இருந்தால் மெல்லிய, நல்ல குழாய் என்று நம்பலாம். 25.4 என்றால் சந்தேகப்படுங்கள். கம்பி உருவவே வரவில்லையா? துருவேறி இறுகியிருக்கிறது, கடற்காற்றில் கிடந்த சைக்கிள்களின் தீராத நோய் இது. அதை எடுக்கும் கூலி சில நேரம் சைக்கிள் விலையில் பாதியைத் தின்றுவிடும்.

இதைவிட முக்கியமானது ஒன்று. ஹேண்டில்பாருக்குக் கீழே இருக்கும் தலைக்குழாயிலிருந்து பெடலை நோக்கிச் சாய்ந்து இறங்கும் குழாயின் அடிப்புறத்தில் விரலை ஓட்டுங்கள். அதில் சிறு வீக்கம் தட்டுப்பட்டாலோ, பெயிண்ட் சுருங்கி விரிசல் விட்டிருந்தாலோ, அது எதிலோ நேராக மோதிய சைக்கிள். மாமனாரை அதில் ஏற்ற வேண்டாம்.

இனி ஃபுட்ஸ்டூட்ஸ். விற்பவர் வியாபாரி அல்லாத தனிநபர் என்றால் அந்தச் சொல் செல்லும்; பிறகு தெரியவரும் குறைக்கு அவரைப் பிடிக்க முடியாது. ஆனால் குறையைத் தெரிந்தே மறைத்திருந்தாலோ, தெரிந்தே பொய் சொல்லியிருந்தாலோ அது அவரைக் காக்காது. அதனால் '1949, 531, மோதியதில்லை' என்று வாட்ஸ்அப்பில் எழுதி வாங்குங்கள். எழுதத் தயங்கினால் காரணம் உங்களுக்கே புரியும்.

விற்பவர் கடைக்காரர் என்றால் கதை வேறு. 2011-இல் நடைமுறைக்கு வந்த தென்னாப்பிரிக்க நுகர்வோர் பாதுகாப்புச் சட்டப்படி, குறையுள்ள பொருளை 6 மாதத்துக்குள் திருப்பித் தரலாம். பொத்தாம்பொதுவாக ஃபுட்ஸ்டூட்ஸ் என்று எழுதி அதைத் தட்டிக்கழிக்க முடியாது. இன்ன குறை உண்டு என்று அவர் வெளிப்படையாகச் சொல்லி நீங்கள் ஒப்புக்கொண்டது மட்டும் இதில் சேராது.

நான் என்றால், சோதனையில் எல்லாம் தேறினால் வாங்குவேன். ஹப்பில் ஆண்டு பொருந்தாவிட்டால் விலையைக் குறைக்கச் சொல்வேன்.

கேள்வி: என்னிடம் இருக்கும் பழைய சைக்கிளுக்கு 27 அங்குல டயர் கிடைப்பது கஷ்டமாக இருக்கிறது. 700சி டயர் போடலாமா?
– வாசகர், டோங்காட்

பதில்: முடியாது. 27 அங்குல ரிம்மில் டயர் அமரும் விட்டம் 630 மி.மீ.; 700சி-க்கு 622. ஏறவே ஏறாது. ரிம்மையே 700சி-க்கு மாற்றலாம். பிரேக் கட்டை 4 மி.மீ. கீழே இறங்குகிறதா என்பதை மட்டும் முன்கூட்டியே பார்த்துவிடுங்கள்.