நன்றி சொல்ல மனம் வரவில்லை

கேள்வி: தேயிலை மலையில் வேலை செய்யும்போது விழுந்த கணவர் இடுப்பொடிந்து படுத்திருக்கிறார். ஐப்பசி மழையில் கொழுந்து நிறுவை வராமல் எனக்கு அரைப்பேர்தான், அதாவது பாதி நாள் சம்பளம்தான், விழுகிறது. தீபாவளிக்கு வருகிறவர்கள் எல்லாம் “உயிரோடு இருக்கிறாரே, சாமிக்கு நன்றி சொல்லு” என்கிறார்கள். எரிச்சலாக வருகிறது. பக்கத்துக் காம்பராப் பாட்டி மட்டும் ஒன்றும் சொல்லாமல் மத்தியானம் அவருக்கு ரொட்டியும் சம்பலும் வைத்துவிட்டுப் போகிறார்.
- வாசகி, மஸ்கெலியா, இலங்கை

பதில்: எரிச்சல் வரட்டும் தங்கச்சி. வெறுங்கையோடு வந்து புத்தி சொன்னால் எனக்கும் வரும். தோட்டத்தில் தருகிற தீபாவளி முற்பணத்துக்கும் நீ யாரையும் கும்பிட வேண்டாம்; அது உன் சம்பளத்திலேயே மாதாமாதம் பிடிக்கிற கடன். 2024இல் அடிப்படை நாட்சம்பளம் 1350 ரூபாய் ஆனதுகூட முழுப்பேர் விழுகிறவர்களுக்குத்தானே!

ஆனால், யாரும் கேட்காமலே பாட்டியைப் பற்றி எழுதியிருக்கிறாய், பார்த்தாயா? முறுக்கும் அதிரசமும் இந்த வருஷம் கிடக்கட்டும். ஒரு சுண்டு உளுந்து ஊறப்போட்டு வடை சுடு, முதல் ஈடு பாட்டிக்கு.

அப்புறம், வேலையில் அடிபட்டவருக்கு நட்டஈடு கேட்க 1934ஆம் ஆண்டிலிருந்தே சட்டம் இருக்கிறது. மருந்துத் துண்டுச்சீட்டுகளைப் பத்திரமாக வை. தீபாவளி முடிந்ததும் தொழிற்சங்கத்தின் தோட்டத் தலைவரைக் கூட்டிக்கொண்டு தொழில் அலுவலகத்துக்குப் போ.