குரண்டியும் கல்லும்

அன்புள்ள ஐயா,

மார்த்தாண்டம் அருகே ஒரு கிராமத்தைச் சேர்ந்தவன் நான். இயந்திரப் பொறியியல் முடித்துவிட்டு, பணிச்சூழலியலில் (எர்கனாமிக்ஸ்) முதுகலை படிக்க விரும்புகிறேன். கணினி முன் நாள் முழுவதும் அமர்வோருக்கு முதுகு வலிக்காத நாற்காலிகளை வடிவமைப்பது என் கனவு. ‘நாற்காலி செய்ய ஒரு படிப்பா?’ என்று உறவினர்கள் சிரிக்கிறார்கள். அண்டி ஆபீசுக்குப் (முந்திரிக்கொட்டை ஆலைக்குப்) போய்ச் சேர்த்த பணத்தைத் தருவதாக அம்மா சொல்கிறார். இந்தியாவில் படிக்கலாமா, வெளிநாடு செல்ல வேண்டுமா? வேலை கிடைக்குமா?

எஸ்.

அன்புள்ள எஸ்.,

இந்தியாவிலேயே படிக்கலாம். மும்பை, குவாஹாட்டி ஐ.ஐ.டி.க்களில் வடிவமைப்பு முதுகலையின் பகுதியாக இது கற்பிக்கப்படுகிறது. பொறியியல் முடித்தவர்கள் சி.இ.இ.டி. நுழைவுத்தேர்வு எழுதிச் சேரலாம். வேலையைப் பற்றி உறவினர்கள் கவலைப்பட்டுக்கொள்ளட்டும், அவர்களுக்கும் பொழுது போக வேண்டுமே.

எனக்குக் கோபம் வந்தது வேறு இடத்தில். கண்ணால் பார்த்திராத கணினிக்காரர்களின் முதுகுக்காக உருகும் நீங்கள், அம்மாவின் தொழிலைப் பணம் வரும் வழியாக மட்டுமே குறிப்பிட்டிருக்கிறீர்கள். 1700-இல் தொழிலாளர் நோய்களைப் பற்றி நூல் எழுதிய இத்தாலிய மருத்துவர் ராமசீனி, நோயாளியிடம் கேட்கும் கேள்விகளோடு ‘என்ன தொழில் செய்கிறாய்?’ என்பதையும் சேர்க்கச் சொன்னார். அம்மாவிடம் நீங்கள் அதைக் கேட்டதுண்டா?

என் அப்பாவின் தங்கை, எங்கள் வழக்கில் மாமி, அண்டி ஆபீசில் தல்லுகிற பிரிவில் இருந்தார். தரையில் குந்தியிருந்து, அண்டித்தோட்டின் எண்ணெய் கையைப் பொள்ளிவிடாமல் சாம்பலைப் பூசிக்கொண்டு, வறுத்த அண்டியைக் கல்லின்மேல் ஒவ்வொன்றாக நிறுத்திக் கட்டையால் தட்டி உடைப்பார். மாலையில் நனைந்த புடவையைப் பிழிய அவரால் முடியாது, பெருவிரல் மடங்காது. நான் சம்பாதிக்கத் தொடங்கியதும் தக்கலைச் சந்தையில் உட்காரும் குட்டைப் பலகையான பலாமரக் குரண்டி ஒன்று வாங்கிக் கொடுத்தேன். என்னை நானே மெச்சிக்கொண்ட நாள் அது. மூன்றாம் நாள் குரண்டி அடுக்களைக்கு வந்துவிட்டது. கேட்டபோது, “பருப்பு பொடிஞ்சு போகுதுடே” என்றார்.

எனக்கு விளங்கப் பல ஆண்டுகள் ஆயின. மாமியின் இருக்கையை உயர்த்திய நான் கல்லைத் தரையிலேயே விட்டுவிட்டேன். குரண்டியின் உயரத்துக்கும் சேர்த்து அவர் குனிய வேண்டியிருந்தது, அடி குறி தப்பியது, முழுப்பருப்பு குறைந்தது, எடைக்குத்தான் கூலி என்பதால் கூலியும் குறைந்தது. தட்டி உடைக்கும் வேலைக்குப் பணிப்பரப்பு முழங்கைக்குக் கீழே அமைய வேண்டும். தரம் பிரிப்பதுபோல் கண்ணை ஊன்றிச் செய்யும் வேலைக்கு முழங்கைக்குச் சற்று மேலே. ஒரே கூரையின் கீழ் இரண்டு பிரிவுகளுக்கு இரண்டு உயரங்கள் வேண்டும். யாருடைய முழங்கை என்ற கேள்வியும் உண்டு. அகமதாபாத் தேசிய வடிவமைப்பு நிறுவனம் 1997-இல் இந்தியர்களின் உடலளவுகளைத் தொகுத்து வெளியிட்டது அதனால்தான். உயரங்களைச் சரிசெய்த பிறகும், எடைக்குக் கூலி என்ற ஏற்பாடு இருக்கும்வரை, கை ஓய்வதற்கு நிமிடம் கிடைக்காது. இருக்கை, கல், கூலி மூன்றையும் ஒரே பொருளாகப் பார்க்கத் தெரியாதவன் வடிவமைக்கும் எந்த நாற்காலியும் என் குரண்டியைப் போல அடுக்களைக்குத்தான் போகும், தம்பி.

விண்ணப்பத்தைப் பிறகு பார்த்துக்கொள்ளலாம். தையல்காரரின் நாடா ஒன்றை எடுத்து, அம்மா வேலையில் குந்துவதுபோலக் குந்தியிருக்கையில் அவருடைய முழங்கை தரையிலிருந்து எத்தனை சென்டிமீட்டர் என்று அளந்து எனக்கு எழுதுங்கள். பெருவிரல் மடங்குகிறதா என்றும் பாருங்கள்.