எல்.டி. வரம்பைத் தாண்டினால் எச்.டி.தானா?

பர்கூர் பக்கம் கிரானைட் பட்டறை வைத்திருக்கும் ஒருவர் கேட்கிறார்: "இப்போது 140 ஹெச்.பி.க்கு எல்.டி. (தாழ்வழுத்த) இணைப்பு இருக்கிறது. 90 ஹெச்.பி. மோட்டாரோடு புது கட்டிங் மெஷின் வருகிறது. மின்வாரிய ஆபீஸில் எச்.டி.க்கு (உயரழுத்த இணைப்புக்கு) போகச் சொல்கிறார்கள். ஒயரிங் பார்ப்பவர், மச்சினன் பெயரில் இன்னொரு எல்.டி. வாங்கிவிடலாம் என்கிறார். எதைக் கேட்பது?"

ஆபீஸில் சொல்வதைக் கேளுங்கள். தமிழ்நாட்டில் எல்.டி. இணைப்புக்கு உச்சவரம்பு 112 கிலோவாட், அதாவது 150 ஹெச்.பி. என்று இருந்தது; அதை 150 கிலோவாட் என்று வைத்தாலும் 200 ஹெச்.பி.தான். உங்கள் கணக்கு 230 ஹெச்.பி. மச்சினன் பெயரில் வாங்கினாலும் ஷெட் ஒன்றுதான், தொழிலும் ஒன்றுதான். ஆய்வுக்கு வருபவர் இரண்டையும் சேர்த்துப் பார்த்து மின்சாரச் சட்டம் 126-வது பிரிவுக்கு (அனுமதியில்லாத மின் பயன்பாடு) கொண்டுபோனால் கட்டணம் இரண்டு மடங்கு, அதுவும் பல மாதத்துக்குப் பின்னோக்கிப் போகலாம். மிச்சம் பிடித்த காசு அதில் போய்விடும்.

அந்த வரம்பு சும்மா வைத்ததும் இல்லை. நேரடி ஸ்டார்ட்டரில் பெரிய மோட்டார் கிளம்பும்போது வழக்கமாக ஓடும் கரண்ட்டைப்போல ஆறேழு மடங்கு இழுக்கும். அதே டிரான்ஸ்ஃபார்மரில்தான் ஊர் வீடுகளும் கிணற்று மோட்டாரும் இருக்கின்றன. நீங்கள் பட்டனை அழுத்தும்போதெல்லாம் எதிர்க்கடை டியூப்லைட் ஒருமுறை மங்கி எழுந்தால், அந்தக் கடைக்காரர் உங்களைத் திட்டிக்கொண்டுதான் டீ ஆற்றுவார்.

சரி, எச்.டி. என்று முடிவாகிவிட்டது. பலரும் கோட்டை விடுவது இதற்கு அப்புறம்தான், விண்ணப்பத்தில் எழுதும் ஒப்பந்த மின்தேவை என்ற எண்ணில், அதாவது அதிகபட்சம் இவ்வளவுதான் இழுப்பேன் என்று எழுதிக்கொடுக்கும் அளவில். 230 ஹெச்.பி. என்றால் 172 கிலோவாட், பவர் ஃபேக்டர் (இழுக்கும் மின்சாரத்தில் நிஜமாக வேலைக்கு ஆகும் பங்கு) 0.9 வைத்தால் மொத்தமாக இழுப்பது 190 சொச்சம் கே.வி.ஏ., 'ரவுண்டாக 200 கே.வி.ஏ. போட்டுவிடுங்கள்' என்பார்கள். போடாதீர்கள். எல்லா மோட்டாரும் ஒரே நேரத்தில் முழு பாரத்தில் ஓடுவதே இல்லை. கல்லைத் திருப்பி வைக்கும் நேரத்தில் பாலிஷ் மெஷின் சும்மாதான் நிற்கும். மீட்டர் பார்ப்பதும் அரை மணி நேரச் சராசரியைத்தான், அதனால் ஸ்டார்ட்டிங் கரண்ட் அதில் பெரிதாக ஏறாது. எழுபது சதவீத பாரம், பவர் ஃபேக்டர் 0.95 என்று வைத்தால் உங்கள் உண்மையான தேவை 126 கே.வி.ஏ.யை ஒட்டித்தான் வரும்.

எச்.டி.யில் நீங்கள் எவ்வளவு குறைவாக இழுத்தாலும், ஒப்பந்த அளவில் 90 சதவீதத்துக்கு டிமாண்ட் கட்டணம் (யூனிட் கட்டணம் போக மாதாமாதம் கட்டுவது) உண்டு. 200 எழுதினால் 180-க்குக் கட்ட வேண்டும். 140 எழுதினால் 126-க்குக் கட்டினால் போதும். கே.வி.ஏ.க்கு மாதம் சுமார் 600 ரூபாய் என்று வைத்தாலும் வித்தியாசம் 32,400 ரூபாய், மெஷின் ஓடினாலும் ஓடாவிட்டாலும். ஆனால் ஒரேயடியாகக் குறைத்து 110 என்று எழுதிவிடவும் கூடாது, தாண்டிய அளவுக்கு டிமாண்ட் கட்டணம் இரட்டிப்பாக வரும். இப்போதுள்ள மீட்டரில் பட்டனை அழுத்தி அதிகபட்ச டிமாண்டைப் பாருங்கள், பழைய பில்லிலும் ஒரு வருஷத்துக்குப் புரட்டுங்கள், புது மெஷினின் நிஜ பாரத்தை அதே மாடல் ஓடும் வேறொரு பட்டறையில் கிளாம்ப் மீட்டர் வைத்து அளந்து வாருங்கள். ஓர் அரை நாள் வேலை, அவ்வளவுதான்.

பவர் ஃபேக்டர் 0.90-க்குக் கீழே இறங்கினால் அபராதம், அதை ஏற்றிவைக்கக் கெபாசிட்டர் பேனல் கட்டாயம் போடுங்கள். மெஷினில் வி.எஃப்.டி. (மோட்டார் வேகத்தை மாற்றும் கருவி) இருந்தால் வெறும் கெபாசிட்டர் சீக்கிரம் உப்பிப் போகும், ரியாக்டர் சேர்த்த பேனலாகக் கேளுங்கள். காலை, மாலை உச்சநேரத்தில் யூனிட்டுக்கு 25 சதவீதம் கூடுதல், இரவு பத்து மணிக்கு மேல் 5 சதவீதம் தள்ளுபடி. ஒரு பிளாக்கை அறுக்க மணிக்கணக்கில் ஆகும் என்பதால் கட்டிங்கை ராத்திரி ஷிஃப்ட்டுக்குத் தள்ள முடியுமா என்று யோசியுங்கள். அக்கம்பக்கத்து வீட்டுக்காரர்கள் சத்தத்துக்கு என்ன சொல்வார்கள் என்பது தனிக் கதை.

விண்ணப்பம் கொடுத்ததும் ஃபீடர் (உங்கள் பக்கம் வரும் மின்பாதை) தாங்குமா என்று பார்த்து எஸ்டிமேட் தருவார்கள். மின்சாரச் சட்டம் 43-வது பிரிவின்படி, கேட்டால் இணைப்பு கொடுக்க வேண்டியது அவர்கள் கடமை, புது லைன் இழுக்க வேண்டியிருந்தால் அந்த வேலை முடிந்த பிறகு. காரணமில்லாமல் இழுத்தடித்தால் உங்கள் வட்டத்து மின் நுகர்வோர் குறைதீர்க்கும் மன்றத்தில் மனு போடலாம். டிரான்ஸ்ஃபார்மர் உங்கள் செலவுதான், மின் ஆய்வாளர் பாதுகாப்புச் சான்று தராமல் சப்ளை வராது. ஆனால் அவசரப்பட்டு அட்வான்ஸ் கொடுத்துவிடாதீர்கள். உங்களுக்குத் தரப்போகும் லைன் 11 கே.வி.யா 22 கே.வி.யா என்று எழுத்தில் வாங்கிய பிறகு ஆர்டர் கொடுங்கள்.