கயிற்றில் இறங்கும் பிள்ளைக்கு எந்த ஹார்னஸ்?

கேள்வி: என் கணவர் மஸ்கட்டில் வேலை செய்கிறார். ஜனவரியில் பிள்ளைகளோடு அங்கே போகிறோம். மகனுக்கு 9 வயது, 26 கிலோ. மகளுக்கு 6 வயது, 19 கிலோ. அவருடைய நண்பர்கள் வழிகாட்டி ஒருவரை வைத்து, ‘வாதி’ என்கிற காய்ந்த ஆற்றுப் பள்ளத்தாக்கில் கயிறு கட்டி இறங்கக் கூட்டிப் போகிறார்களாம். ஆன்லைனில் ஹார்னஸ் (உடம்பில் மாட்டும் பாதுகாப்புப் பட்டை), கயிறு, கொக்கி எல்லாம் சேர்ந்த செட் 2,400 ரூபாய்க்குக் கிடைக்கிறது. படம் அனுப்பியிருக்கிறேன். வாங்கலாமா?
– வாசகி, ராணிப்பேட்டை

பதில்: அந்த செட் வேண்டாம், சகோதரி. படத்தைப் பெரிதாக்கிப் பார்த்தேன். பட்டையில் தைத்திருக்கும் லேபிளில் ஒரு சின்னம் மட்டும்தான் இருக்கிறது. தர எண் இல்லை, தயாரித்த மாதம், வருடம் இல்லை. விளக்கத்தில் ‘கட்டட வேலைக்கும் மலையேற்றத்துக்கும் ஏற்றது’ என்று போட்டிருக்கிறார்கள். கட்டட வேலை ஹார்னஸ் என்பது தவறி விழும் பெரியவரைப் பிடித்து நிறுத்துவதற்குச் செய்வது. அதற்கு நம் நாட்டில் ஐ.எஸ். 3521 என்று தனித் தரம் உண்டு. 19 கிலோ பிள்ளைக்கு அது பொருந்தவே பொருந்தாது.

நீங்கள் தேட வேண்டியது குழந்தைகளுக்கான முழு உடல் ஹார்னஸ். லேபிளில் ‘இ.என். 12277’ என்ற ஐரோப்பியத் தர எண், பக்கத்தில் ‘டைப் பி’ என்று இருக்க வேண்டும். 40 கிலோ வரை உள்ளவர்களுக்கான வகை அது. பெரியவர்கள் போடும் இடுப்பு ஹார்னஸ் ஏன் கூடாது என்பதை நேரில் பார்த்தேன். இரண்டு வருடம் முன்பு ஒரு கோடை முகாமில் என் தங்கை பேரனுக்கு, அப்போது 7 வயது, பெரியவர் பெல்ட்டையே இறுக்கி மாட்டினார்கள். தரையிலிருந்து ஓர் அடி தூக்கியதுமே பெல்ட் இடுப்பைத் தாண்டி விலா வரை ஏறிவிட்டது, பிள்ளை தலைகுப்புறச் சாய்ந்தான். அந்த வயதில் பெல்ட்டைத் தாங்கிப் பிடிக்க இடுப்பு எலும்பு அகன்றிருக்காது, உடம்பின் கனமும் மேல்பக்கம்தான் அதிகம். தோளையும் சேர்த்துப் பிடிக்கும் ஹார்னஸில் கயிறு நெஞ்சருகே கட்டப்படுவதால் பிள்ளை நிமிர்ந்தே இருக்கும்.

வளர்கிற பிள்ளைதானே என்று ஒரு சைஸ் பெரிதாக எடுப்போம் இல்லையா, அது பள்ளிச் சீருடையோடு போகட்டும். பார்சல் வந்ததும், திருப்பி அனுப்பும் கெடு முடிவதற்குள் போட்டுப் பாருங்கள். உங்கள் வீட்டு ஊஞ்சல் கொக்கி பெரியவர் கனம் தாங்குமென்றால், கீழே மெத்தை விரித்து, அரை அடி உயரத்தில் ஒரு நிமிடம் தொங்கவிட்டுப் பார்க்கலாம். நீங்கள் கைப்பிடி தூரத்திலேயே நில்லுங்கள். தோள்பட்டை நழுவினாலோ, தொடை வலிக்கிறது என்று பிள்ளை சொன்னாலோ அந்த அளவு சரியில்லை.

ஹெல்மெட்டும் சொந்தமாக வாங்குங்கள். பைக் ஹெல்மெட் வேண்டாம். அது காதை மூடிவிடும், மேலே நிற்பவர் குரல் கேட்காது. மலையேற்ற ஹெல்மெட்டுக்கு இ.என். 12492.

கயிறும் கொக்கியும் வழிகாட்டியின் பொறுப்பு, அதில் காசு போடாதீர்கள். முன்பணம் அனுப்பும் முன் அவரிடம் இரண்டு விஷயம் கேளுங்கள். பிள்ளைக்கு மேலிருந்து பெரியவர் பிடிக்கும் தனிக் கயிறு உண்டா? (எடை குறைந்த பிள்ளை, கயிற்றை நுழைத்து மெல்ல இறங்க உதவும் கருவியில் நடுவழியில் நின்றுவிடுவது சாதாரணம். அப்போது அந்தக் கயிறுதான் கை கொடுக்கும்.) மலையில் மழை என்றால் பயணத்தை ரத்து செய்து பணம் தருவாரா? இரண்டாவதை எழுத்தில் வாங்குங்கள். 1997 ஆகஸ்டில் அமெரிக்காவின் அரிசோனாவில் ஆன்டிலோப் பள்ளத்தாக்குக்குள் வெள்ளம் புகுந்து 11 பேர் இறந்தார்கள். மழை பெய்தது பல மைல் தள்ளி. நம் பாலாறு மாதிரி வாதியும் பெரும்பாலும் மணலாகத்தான் கிடக்கும். ஆனால் இரண்டு பக்கமும் பாறைச் சுவர் இருக்கும் இடத்தில் தண்ணீர் வந்தால் ஏறி ஒதுங்க கரை கிடையாது. ஓமானில் குளிர்காலத்திலும் மழை உண்டு. பணம் போய்விடுமே என்ற தயக்கத்தில் யாரும் உள்ளே இறங்கிவிடக் கூடாது.

கேள்வி: மாமாவிடம் பழைய ராப்பலிங் கயிறு (பாறையில் இறங்கப் பயன்படுவது) இருக்கிறது, வாங்கிய பில் இல்லை. பிரிக்கவே இல்லையாம், தோல் ஷெட்டில் பத்திரமாக வைத்திருக்கிறார். பாதி விலைக்கு வாங்கலாமா?
– கல்லூரி மாணவர், காட்பாடி

பதில்: வேண்டாம் தம்பி. தோல் பதனிட கந்தக அமிலம் புழங்கும் இடம் அது. நைலானுக்கு அமிலம் ஆகாது. ஆவியோ துளியோ பட்டிருந்தாலும் வெளியே ஒன்றும் தெரியாது, கயிறு புதுசு போலவே இருக்கும். பயன்படுத்தாமலே வைத்திருந்தாலும் நைலான் கயிற்றுக்கு அதிகபட்சம் 10 வருடம்தான் என்று தயாரிப்பாளர்கள் சொல்கிறார்கள். வாங்கிய பில்கூட மாமாவிடம் இல்லை என்கிறீர்கள். துணி காயப்போட வைத்துக்கொள்ளட்டும். நீங்கள் புதிதாக வாங்கும் கயிற்றையும் நம் ஊர் மே மாத வெயிலில் கார் டிக்கியில் போட்டு வைக்காதீர்கள்.

கேள்வி: ஆன்லைனில் வாங்கிய குழந்தை ஹார்னஸில் தையல் பிரிந்திருந்தது. பணம் தர மறுக்கிறார்கள்.
– வாசகர், குடியாத்தம்

பதில்: முதலில் 1915 என்ற தேசிய நுகர்வோர் உதவி எண்ணில் புகார் பதியுங்கள். நடக்கவில்லையா, நீங்கள் குடியிருக்கும் மாவட்டத்தின் நுகர்வோர் ஆணையத்திலேயே வழக்குப் போடலாம், விற்றவர் எந்த ஊரில் இருந்தாலும் சரி. 2019 நுகர்வோர் பாதுகாப்புச் சட்டம் அதற்கு இடம் தருகிறது. கொடுத்த விலை 5 லட்சம் வரை என்றால் கட்டணம் கிடையாது. இரண்டு வருடத்துக்குள் போட வேண்டும். பிரிந்த தையலையும் லேபிளையும் ஒரே படத்தில் வருமாறு எடுத்து வையுங்கள். அப்புறம், ஹார்னஸை நீங்களே தைத்துவிடாதீர்கள்.