காணும் பொங்கலுக்கு மன்றத்து ஆட்களை மதுரையிலிருந்து கொடைக்கானல் பிரையண்ட் பூங்காவுக்கு ஒரே நாளில் கூட்டிப்போய் வர முடியுமா?

முடியும். நான் கூட்டிப்போயிருக்கிறேன். நீங்களும் என்னைப்போல ஏதாவது ஒரு மன்றத்துப் பொருளாளராகத்தான் இருப்பீர்கள். தலைவராக இருந்தால் இதையெல்லாம் கேட்டுக்கொண்டிருக்க மாட்டீர்கள்.

எங்களுடையது காலை நடைப்பயிற்சிக்காரர்கள் மன்றம். காணும் பொங்கலன்று மதுரைக்காரனை அலங்காநல்லூர் ஜல்லிக்கட்டை விட்டுவிட்டுப் பூப் பார்க்க வா என்றால் லேசில் வருவானா? கூட்டத்தில் நெரிபடுகிற வயதா நமக்கு என்று பேசிப் பேசித்தான் பஸ்ஸை நிரப்பினேன். சுமார் 120 கிலோமீட்டர். விடியுமுன் கிளம்பி, வத்தலக்குண்டில் டீ குடித்தாலும் ஒன்பதரைக்குக் கொடைக்கானல் போய்விடலாம். காட்ரோடு தாண்டியதும் முன்சீட்டுக்குச் சண்டை வரும். வாந்தி எடுப்பவர்களுக்குத்தான் முன்சீட்டு என்று கிளம்பும்போதே சொல்லிவிடுங்கள். வண்டிக்கு இ-பாஸ் முன்கூட்டியே எடுக்க வேண்டும். 5 லிட்டருக்குக் குறைந்த பிளாஸ்டிக் தண்ணீர் பாட்டில் மலையில் கூடாது. நான் தலைகீழாக நின்று சொல்லியும் ஒருவர் சீட்டுக்கு அடியில் ஒரு கட்டு வைத்திருந்தார். சோதனையில் பிடிபட்டு நான் கட்டிய அபராதம் இன்னும் என் கைக்கு வரவில்லை.

"ஜனவரியில் அங்கே என்ன பூ இருக்கும்?" என்று கருத்துப்பெட்டிக்கு வருவீர்கள். தெரியும் சாமி. மலர்க் கண்காட்சி மே மாதம்தான். அந்தக் கூட்டத்தில் பாதி நாள் மலைப்பாதையிலேயே கழிந்துவிடும், பரவாயில்லையா? 1908-ல் பிரையண்ட் என்ற வன அதிகாரி திட்டமிட்ட பூங்கா அது. பக்கத்து ஏரியை 1863-ல் உருவாக்கிய லெவிஞ்ச், நம்ம மதுரைக்குக் கலெக்டராக இருந்தவர். இதை பஸ்ஸில் மைக் பிடித்துச் சொன்னேன். பாதிப் பேர் தூக்கம்.

ரோஜாப் பகுதியில் கவாத்து செய்துகொண்டிருந்த தோட்டக்காரரை எங்கள் மன்றத்து அக்கா ஒருவர் பிடித்துக்கொண்டார். வெளிப்பக்கம் பார்த்த கண்ணுக்கு, அதாவது துளிர் விடும் மொட்டுக்கு, கொஞ்சம் மேலே, சாய்வாக ஒரே வெட்டு. அப்போதுதான் வெட்டுவாயில் தண்ணீர் நிற்காதாம். கத்தரியை வாங்கி அக்காவும் ஒரு கிளையை வெட்டிப் பார்த்தார். கண்ணாடி மாளிகை முன்னால் செல்ஃபி எடுத்துவிட்டு "ஒண்ணுமே இல்லையே" என்று திரும்பியவர்கள்தான் பிறகு குரூப்பில் என்னைக் கிழித்தார்கள்.

பணி ஓய்வு பெற்றவன் என்றால் எல்லாருக்கும் இளக்காரம். "சும்மாதானே இருக்கீங்க" என்று கரண்ட் பில் கட்டுவது, மச்சான் வீட்டுக் கல்யாணப் பத்திரிகை கொடுப்பது, தெருவுக்குத் தண்ணீர் லாரி வந்தால் குடத்துக்குக் காவல் நிற்பது எல்லாம் என் தலையில். வேலையில் இருந்தபோதாவது ஞாயிற்றுக்கிழமை லீவு இருந்தது.

சரி, கேள்விக்கு வருகிறேன். முன்பணம் கொடுக்காதவர் பெயரைப் பட்டியலில் எழுதாதீர்கள், அவர் தலைவரின் மைத்துனராகவே இருந்தாலும். அப்புறம், மூன்று மணிக்கு மேல் ஒரு நிமிஷம்கூட அங்கே நிற்காதீர்கள். பனிமூட்டம் இறங்கிவிட்டால் டிரைவர் பாடு திண்டாட்டம்.