ஆளைக் காணோம்: அக்காவிடம் கேள்வி பதில்

காணாமல் போனவர்கள், தெருவில் தங்குபவர்கள், போதையில் சிக்கியவர்கள் பற்றி ராமேஸ்வரத்திலிருந்து ஏர்வாடி வரை வந்த கேள்விகள்.

பாம்பன்: பெரியப்பாவுக்கு 74 வயசு, ஞாபகமறதி உண்டு. ராமேஸ்வரம் கோயிலில் தீர்த்தமாடும்போது கூட்டத்தில் பிரிந்துவிட்டார். ஸ்டேஷனில் 24 மணி நேரம் கழித்து வரச் சொல்கிறார்கள்.

அப்படி ஒரு சட்டம் கிடையாது தம்பி. இப்போதே போங்கள். சி.எஸ்.ஆர். ரசீதோடு திரும்பாதீர்கள், அது மனு வந்ததற்கு அத்தாட்சி, அவ்வளவுதான். எஃப்.ஐ.ஆர். எண் வேண்டும். எல்லை எங்களுடையதில்லை என்றால் ஜீரோ எஃப்.ஐ.ஆர். கேளுங்கள், அதாவது எல்லை பார்க்காமல் எந்த ஸ்டேஷனிலும் பதிவது. 2024 ஜூலை முதல் அமலில் உள்ள புதிய குற்றவியல் நடைமுறைச் சட்டத்தின் (பி.என்.எஸ்.எஸ்.) 173ஆம் பிரிவில் அது இருக்கிறது. அப்போதும் மறுத்தால் அதே மனுவை எஸ்.பி.க்குப் பதிவுத் தபாலில் அனுப்பி, ரசீதைப் பத்திரப்படுத்துங்கள்.

மனுவில் உடை எழுதும்போது ஒரு சங்கதி. 22 தீர்த்தமும் ஆடிவிட்டு வருகிறவர் ஈரத்தை மாற்றியிருப்பார். காலையில் கட்டியிருந்த வேட்டியை மட்டும் எழுதினால் தேடுகிறவர்கள் தவறான ஆளைத் தேடுவார்கள். பையில் என்ன மாற்றுத் துணி இருந்தது என்பதையும் எழுதுங்கள். தழும்பு, பல், நடை, சாப்பிடும் மாத்திரை, பேசும் மொழி எல்லாம் வேண்டும். படம் சமீபத்தியதாக, அலங்காரம் செய்யாததாக இருக்கட்டும். கல்யாண ஆல்பத்துப் படம் உதவாது.

அடுத்தது கேமரா. கடை, லாட்ஜ், பஸ் ஸ்டாண்டு பதிவுகள் சில நாளில் தானாக அழிந்து மேலே புதுசு ஏறிவிடும். "அழிக்காமல் வையுங்கள்" என்று ஸ்டேஷனிலிருந்து எழுத்தில் கேட்க வையுங்கள். ரயில் நிலையத்துக்கு ரயில்வே போலீஸ் தனி. அங்கேயும் ஒரு நகல் கொடுங்கள். முதியோர் உதவி எண் 14567.

போஸ்டரில் ஒரே ஒரு அடையாளத்தை மட்டும் போடாமல் வையுங்கள். ஏன் என்று கீழே வரும்.

தங்கச்சிமடம்: நாட்டுப்படகில் போன தம்பி நேற்று கரை சேரவில்லை.

தரையில் தேடுவது வேறு, இது வேறு. முதலில் கடலோரக் காவல்படை 1554, பிறகு கடலோரப் பாதுகாப்புக் குழுமம் 1093. போனில் சொல்லும்போது கையில் இருக்க வேண்டியவை: படகின் பதிவு எண், நிறம், எஞ்சின், எத்தனை பேர், எந்தப் பக்கம் போனார்கள், கடைசியாகப் பேசிய நேரம், ஏற்றிய டீசலும் ஐஸும் தண்ணீரும் எவ்வளவு. டீசலை வைத்துத்தான் எவ்வளவு தூரம் போயிருக்க முடியும் என்று கணக்குப் போடுவார்கள். காற்றையும் சொல்லுங்கள். வாடைக் காலத்தில் நீரோட்டம் பெரும்பாலும் தெற்கே இழுக்கும், கச்சான் என்னும் தென்மேற்குக் காற்றுக் காலத்தில் வடக்கே. எஞ்சின் நின்ற படகு அதோடுதான் போகும். அதே நேரத்தில் மீன்துறை அலுவலகத்துக்கும் எழுதிக் கொடுங்கள். எல்லை தாண்டிப் பிடிபட்டிருந்தால் யாழ்ப்பாணத்து இந்தியத் துணைத் தூதரகம் வழியாகவும் சேதி வரும்.

தேவிபட்டினம்: பஸ் ஸ்டாண்டில் ஒரு பெண், இந்தி மாதிரி பேசுகிறார், தனியாகச் சிரிக்கிறார். வீடியோ எடுத்து வாட்ஸ்அப் குழுக்களில் போட்டோம். யாரும் வரவில்லை.

முதலில் அந்த வீடியோவைக் குழுக்களிலிருந்து நீக்குங்கள். 2017 மனநலச் சட்டத்தின் 100ஆம் பிரிவுப்படி, இப்படித் திரிகிறவரைப் பாதுகாத்து 24 மணி நேரத்துக்குள் அரசு மருத்துவமனைக்குக் கொண்டுபோவது போலீஸின் கடமை. லாக்கப்பில் வைக்கக் கூடாது. காணாமல் போனவர் என்று எஃப்.ஐ.ஆர். பதிந்து குடும்பத்தைத் தேடுவதும் அவர்கள் வேலை. 112க்கு அழையுங்கள், பெண் என்பதால் 181ம் உண்டு.

உச்சிப்புளி: அக்கா, வீடியோ போட்டுத்தான் எத்தனையோ பேர் வீடு திரும்பியிருக்கிறார்கள். போலீஸை நம்பி உட்கார்ந்தால் ஆகுமா?

திரும்பியவர்களை எல்லோரும் பகிர்கிறீர்கள். அடிக்குப் பயந்து ஓடிவந்த பெண்ணின் முகம் அடித்தவன் கைக்கே போய்ச் சேர்ந்ததை யார் பகிர்கிறார்கள்? அவர் ஏன் கிளம்பினார் என்று தெரியாமல் எங்கே நிற்கிறார் என்று ஊருக்கெல்லாம் சொல்லாதீர்கள்.

உச்சிப்புளி: அப்போ என்னதான் செய்ய? சும்மா பார்த்துக்கொண்டு போகவா?

சும்மா இருக்கச் சொல்லவில்லை தம்பி, வேலையைச் சொல்கிறேன். சாப்பாடு, தண்ணீர், ஒரு துணைப் பெண். பிறகு அவர் மொழி பேசும் ஆள். கட்டட வேலையிலும் ஹோட்டலிலும் ஒடியா, வங்காளம், போஜ்புரி பேசுகிறவர்கள் நம் ஊரிலேயே இருக்கிறார்கள். மாவட்டம் எது என்று கேட்டால் பதில் வராது. பக்கத்து ரயில் நிலையம், ஆறு, வாரச் சந்தை, போலீஸ் ஸ்டேஷன் பெயரைக் கேட்கச் சொல்லுங்கள். கிடைத்ததை இங்குள்ள ஸ்டேஷனில் கொடுத்தால் அந்த ஊர் ஸ்டேஷனுக்குப் பேசுவார்கள். படம் ஒரு போலீஸிடமிருந்து இன்னொரு போலீஸுக்குப் போகட்டும், ஊருக்கெல்லாம் போக வேண்டாம்.

தேவிபட்டினம்: ஸ்டேஷனில் "உங்களுக்கு ஏன் இந்த வேலை" என்று கேட்டால்?

100ஆம் பிரிவு என்று எழுதிய தாளை நீட்டுங்கள். வாயால் சொன்னால் வாக்குவாதம்தான் மிச்சம்.

உச்சிப்புளி: இருந்தாலும் வீடியோ...

போதும் தம்பி. அடுத்த கேள்வி.

தொண்டி: அத்தையைக் காணோம். 24 மணி நேரம் ஆக வேண்டுமாமே?

வேண்டாம். முதல் பதிலைப் பாருங்கள். 18 வயசுக்குக் கீழே என்றால் இன்னும் கறாராகவே பேசுங்கள்: காணாமல் போன ஒவ்வொரு குழந்தைக்கும் எஃப்.ஐ.ஆர். கட்டாயம் என்று உச்ச நீதிமன்றம் 2013லேயே சொல்லிவிட்டது. கூடவே குழந்தைகள் உதவி எண் 1098.

சாயல்குடி: மகனைப் பார்த்ததாக ஒருவர் பேசினார். 5,000 அனுப்பினால் கூட்டி வருவாராம்.

ஒரு ரூபாய்கூட அனுப்பாதீர்கள். இதற்குத்தான் போஸ்டரில் ஓர் அடையாளத்தை மறைக்கச் சொன்னது. அதைக் கேளுங்கள், தெரியாவிட்டால் ஆள் அவரிடம் இல்லை. தெரிந்தால் வீடியோ அழைப்பில் காட்டச் சொல்லுங்கள். அந்த எண்ணை எஃப்.ஐ.ஆர். போட்ட ஸ்டேஷனில் கொடுங்கள்.

கீழக்கரை: அண்ணன் பல வருஷமாகத் தினமும் குடி. ஏர்வாடி தர்காவில் தங்க வைத்து ஒரேயடியாக நிறுத்திவிடலாமா? ராத்திரி எதையோ பார்த்துப் பயப்படுகிறார்.

தர்காவில் துஆ கேட்பதை யாரும் தடுக்கவில்லை. ஆனால் தினமும் குடிப்பவர் மருத்துவர் இல்லாமல் திடீரென்று நிறுத்தினால் உயிர் போகலாம். 6 மணி நேரத்தில் கை நடுங்கத் தொடங்கும், 12லிருந்து 48 மணி நேரத்துக்குள் வலிப்பு வரலாம், 2லிருந்து 4 நாளுக்குள் குழப்பம், காய்ச்சல், இல்லாததைப் பார்ப்பது. கடைசியாகக் குடித்தது எப்போது? நிறுத்திய பிறகு பயம் தொடங்கியது என்றால் இது பேயுமில்லை, பிடிவாதமுமில்லை. இன்று ராத்திரியே அரசு மருத்துவமனை. வைட்டமின் பி1 ஊசி போடாமல் வெறும் குளுக்கோஸ் ஏற்றுகிற இடத்தில் விடாதீர்கள், மூளை கெட்டுப்போகலாம். சங்கிலி போடுவது குற்றம். 2001 ஆகஸ்டில் ஏர்வாடியில் ஒரு மனநலக் காப்பகம் தீப்பிடித்தபோது கட்டப்பட்டிருந்ததால் ஓட முடியாமல் 28 பேர் இறந்தார்கள். போதை மீட்பு உதவி 14446, மனநல ஆலோசனை 14416.

ராமநாதபுரம்: போதை ஊசியில் மகனை இழந்தோம். எங்களைப் போன்றவர்கள் மாதம் ஒருமுறை கூட நினைக்கிறோம். எப்படித் தொடங்குவது?

மாறாத இடம், மாறாத நாள், ஒன்றரை மணி நேரம். எட்டுப் பத்துப் பேருக்கு மேல் வேண்டாம். "எப்படி நடந்தது" என்று யாரும் யாரையும் கேட்கக் கூடாது, அவர்களாகச் சொன்னால் கேட்டுக்கொள்ளலாம். அறிவுரை சொல்லும் பிரமுகரை அழைக்காதீர்கள். தாய்மார் தனியாகப் பேச ஒரு நேரம் வையுங்கள். இறந்தவர் படத்தை வெளியே வைக்க ஒவ்வொரு வீட்டிலும் தனித்தனியாகச் சம்மதம் வாங்குங்கள். ஒரே வீட்டில் அப்பா சரி என்பார், அக்காவுக்குக் கல்யாணம் பேசிக்கொண்டிருப்பார்கள். இன்னும் பிள்ளை உயிரோடிருக்கும் பெற்றோர் வந்தால் இதைச் சொல்லுங்கள்: மீட்பு மையத்திலிருந்து வந்த முதல் வாரங்கள்தான் ஆபத்து. உடம்பின் தாங்கும் சக்தி குறைந்திருக்கும், பழைய அளவே இப்போது கொன்றுவிடும்.

மண்டபம் முகாம்: 2009இல் வன்னியில் அண்ணன் காணாமல் போனார்.

செஞ்சிலுவைச் சங்கத்தின் குடும்பத் தொடர்புச் சேவையில் விண்ணப்பியுங்கள், கட்டணம் கிடையாது. இலங்கையில் 2016 சட்டப்படி அமைந்த காணாமற்போனோர் அலுவலகத்துக்கும் தனியாக எழுதுங்கள். மரணச் சான்று வாங்க மனமில்லாவிட்டால் அங்கே காணாமற்போனமைக்கான சான்றிதழ் என்று ஒன்று உண்டு. அதை வாங்கினால் தேடுவதை நிறுத்தியதாக ஆகாது.

பெரியபட்டினம்: கணவரைக் காணோம், 3 வருஷம் ஆச்சு. வீட்டை என் பெயருக்கு மாற்ற முடியுமா?

இறந்ததாகக் கருத 7 ஆண்டு தகவலில்லாமல் இருக்க வேண்டும், அதற்கும் எஃப்.ஐ.ஆர். முக்கியமான சான்று. சொத்து விஷயம் எனக்குத் தெரிந்த துறை இல்லை தங்கச்சி. மாவட்டச் சட்டப்பணிகள் ஆணைக்குழுவில் இலவச வக்கீல் கிடைப்பார், 15100.