கதவு ரப்பர் வாங்கும் முன் ஒரு செய்தித்தாளை விரியுங்கள்

கேள்வி: ஜெர்மனியில், ஸ்டுட்கார்ட்டில் இருக்கிறேன். பழைய வீட்டுச் சாதனங்கள் சேர்ப்பது என் பொழுதுபோக்கு. இங்கே ஃப்ளோமார்க்டில் (பழைய பொருள் சந்தை) 1980களைச் சேர்ந்த, மேசைமேல் வைக்கும் சின்ன டிஷ்வாஷர் ஒன்று கிடைத்தது. பல வருடம் ஷெட்டில் கிடந்ததாம். நாற்றம் போகட்டும் என்று கொஞ்சம் பாத்திரம் கழுவும் லிக்விட் விட்டு ஓட்டினேன். ஓடுகிறது. ஆனால் கதவின் கீழ் மூலையிலும், மெஷினின் அடியிலும் தண்ணீர் வருகிறது. இணையத்தில் ஒருவர் "பெட்டி பிரிக்காத ஒரிஜினல்" கதவு ரப்பர் 90 யூரோ என்கிறார். வாங்கலாமா?

பதில்: வேண்டாம். இப்போதைக்கு எதையுமே வாங்காதீர்கள். ஓட்டு வீடு ஒழுகினால் சொட்டு விழும் இடத்துக்கு நேர் மேலே ஓடு மாற்றுகிறவர் உண்டா? தண்ணீர் எங்கோ புகுந்து எங்கோ வந்து சொட்டும். டிஷ்வாஷரும் அப்படித்தான்.

முதலில் அந்த லிக்விட். கையால் தேய்ப்பதற்கு விற்பது நுரைக்கும். டிஷ்வாஷர் பவுடர் நுரைக்கக்கூடாது. உள்ளே தண்ணீர் பீய்ச்சியடிக்கிற வேகத்துக்கு ஒரு ஸ்பூன் லிக்விட் போதும், புத்தம்புது மெஷினிலும் கதவிடுக்கில் வழியும். மூலையில் வந்த தண்ணீர் உங்கள் கைவேலையாகவே இருக்கலாம். குவளையால் தண்ணீர் ஊற்றி, துணியால் ஒற்றியெடுத்து நுரையைப் போக்குங்கள். மெஷினை ஓட்ட வேண்டாம்.

எனக்குக் கவலை அடியில் சொட்டுவதுதான். பிளக்கைப் பிடுங்கிவிட்டு, மெஷினை இரண்டு மரக்கட்டை மேல் தூக்கி வையுங்கள். கீழே செய்தித்தாள் விரியுங்கள். உள்ளே மூன்று லிட்டர் தண்ணீரை ஊற்றி ஒரு மணி நேரம் விடுங்கள். மோட்டார் ஓடாமலே தாள் நனைந்தால் ஹோஸ், அதன் கிளிப், அல்லது பம்பின் ஷாஃப்ட் சீல். தாள் காய்ந்தே இருந்தால் ஓடும்போது மட்டும்தான் கசிகிறது: கதவாக இருக்கலாம், தண்ணீர் தெளிக்கும் கை வெடித்திருக்கலாம். அந்தப் பிளாஸ்டிக் கையின் இரண்டு பாதியும் ஒட்டிய இடத்தில் மயிரிழை விரிசல் விட்டால் தண்ணீர் நேராகக் கதவின் கீழ் விளிம்பில் அடிக்கும். அதைப் பார்க்காமல் கதவு ரப்பரை மாற்றிவிட்டு மறுபடி ஒழுகுகிறது என்று வருகிறவர்கள் நிறையப் பேர்.

என் ஊகம் ஷாஃப்ட் சீல். பம்பும் மோட்டாரும் சேரும் இடத்தில், ஒரு கார்பன் வளையமும் ஒரு செராமிக் வளையமும் முகத்தோடு முகம் அமர்ந்து, ஸ்பிரிங் அழுத்தத்தில் தண்ணீரைத் தடுக்கும். வருடக்கணக்கில் காய்ந்து கிடந்தால் சுண்ணாம்பும் சோப்பும் இரண்டையும் ஒட்டிவிடும். திடீரென்று ஓட்டினால் ஒட்டிய இடம் பிய்ந்துகொண்டு வரும். டார்ச் அடித்துப் பாருங்கள். சுவரில் உப்புப் பூத்தது போல மோட்டார் பக்கம் வெள்ளையோ பழுப்போ தெரிந்தால் அதுவேதான். அடுத்த முறை கிடந்த மெஷின் வாங்கினால், வெதுவெதுப்பான தண்ணீரில் எலுமிச்சை உப்பு (சிட்ரிக் ஆசிட்) கரைத்து ஊற்றி ராத்திரி முழுக்க விட்டு, மோட்டாரின் விசிறியைக் கையால் சுற்றிப் பார்த்த பிறகு ஓட்டுங்கள். கொதிக்கக் கொதிக்க ஊற்றாதீர்கள். அதுவே இன்னொரு படிவமாக இறுகிக்கொள்ளும்.

சரி, அந்த 90 யூரோ ஆசாமி. இந்தத் தொழிலில் எனக்கு ஆகாதது "பெட்டி பிரிக்காத பழைய ஸ்டாக்" என்ற சொல். ரப்பருக்குப் பெட்டி பிரித்தார்களா என்று தெரியாது. நாற்பது வருடம் அலமாரியில் இருந்தது நாற்பது வருடத்து ரப்பர். வாங்கும்போது பளபளக்கும், சூடு பட்டதும் விரிசல் விடும். ஷாஃப்ட் சீலையும் இப்படியே விற்கிறார்கள். அது வேண்டவே வேண்டாம்: ஷாஃப்ட் விட்டம், உட்காரும் குழியின் விட்டம், உயரம் மூன்றையும் மில்லிமீட்டரில் அளந்து பேரிங், பம்ப் சீல் விற்கும் கடையில் புதிதாகக் கேளுங்கள். பெரும்பாலும் கிடைத்துவிடும்.

ஒரே ஒரு விதிவிலக்கு. சொல்லாவிட்டால் யாராவது கடிதம் போடுவார்கள். கதவு ரப்பரின் குறுக்குவெட்டு விசித்திரமாக இருந்து, மீட்டர் கணக்கில் யாரும் விற்காத நிலை என்றால் பழைய ஸ்டாக்கைப் பார்க்கலாம். ஆனால் அதற்கு முன் உங்களுடையது உண்மையிலேயே கெட்டுவிட்டதா? கதவில் ஒரு காகிதப் பட்டையை வைத்து மூடி இழுங்கள். எந்த இடத்தில் தடையில்லாமல் வழுக்கி வருகிறதோ அங்கே மட்டும்தான் குறை. வெதுவெதுப்பான சோப்புத் தண்ணீரில் ஊறவைத்துத் திருப்பிப் பொருத்தினாலே சில சரியாகிவிடும். அப்படியும் ஆகவில்லை என்றால், விற்பவரிடம் ரப்பரை ஹேர்பின் மாதிரி மடித்துப் படம் கேளுங்கள். வளைவின் வெளிப்பக்கம் நுண்விரிசல் இருந்தால், விட்டதும் நிமிராவிட்டால், தொட்டால் ஒட்டினால் வேண்டாம். ஆணியில் தொங்கியதா என்றும் கேளுங்கள். தொங்கிய இடத்தில் மடிப்பு விழுந்திருக்கும், அங்கேதான் ஒழுகும். படம் அனுப்ப மாட்டேன் என்கிறவருக்குப் பணம் அனுப்பாதீர்கள்.

சட்டத்தையும் நம்பிப் பயனில்லை. 2021 மார்ச் முதல் சந்தைக்கு வரும் டிஷ்வாஷர்களுக்குக் கதவு ரப்பர் 10 வருடம் கிடைக்க வேண்டும் என்கிறது ஐரோப்பிய ஒன்றியம். பம்பும் மோட்டாரும் 7 வருடம், அதுவும் தொழில்முறைக்காரருக்கு மட்டும். உங்கள் மெஷினுக்கு ஒன்றுமில்லை. வெர்ட்ஸ்டாஃப்ஹோஃபில் (மறுசுழற்சிக்குப் பழைய பொருள் கொண்டுபோய்ப் போடும் இடம்) நல்ல பம்போடு ஒரு மெஷின் நம் கண் முன்னாலேயே தொட்டியில் விழும். கழற்றி எடுத்தால் குற்றம். இதற்குப் பெயர் மறுசுழற்சி!

மின்சாரம் பற்றி ஒரு வரி: மோட்டாருக்குள் தண்ணீர் போயிருக்கலாம், அதனால் எர்த்தும் இன்சுலேஷனும் அளந்து பார்க்காமல் பிளக் சொருகாதீர்கள். தன்னார்வலர்கள் கூடிப் பழுதுபார்க்க உதவும் ரிப்பேர் கஃபேக்கள் பலவற்றில் அளந்து தருவார்கள். மோட்டாருக்குப் பக்கத்தில் இருக்கும் கெப்பாசிட்டர் எண்ணெய் கசிந்து பிசுபிசுத்தால் கையுறை இல்லாமல் தொடாதீர்கள். 1980களின் தொடக்கம் வரை வந்தவற்றில் பி.சி.பி. என்ற நச்சு எண்ணெய் இருக்கக்கூடும்.

செய்தித்தாளில் ஈரம் விழுந்த இடத்தைப் படம் எடுத்து அனுப்புங்கள். அப்புறம் சீல் அளவைப் பேசுவோம்.